மேடத்துக்கு ஒரு நாற்காலி

நான் லிஃப்ட் மெக்கானிக். சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. முதலில் என் கையைப் பார்ப்பார்கள். கை சுத்தமாக இருக்கும். அப்புறம் நகத்தைப் பார்ப்பார்கள். அதுவும் சுத்தமாகத்தான் இருக்கும். "ஓ, ஆபீஸ்ல கணக்கு பாக்கறீங்களா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, ரிப்பேர் பாக்கறேன்" என்பேன். பற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் சிரிக்கும்படி என்னை வளர்த்துவிட்டார்கள், என்ன செய்வது.

என் கை இத்தனை சுத்தமாக இருப்பதற்கு எங்கள் டீமின் தலைவர்தான் காரணம். கம்பெனி முழுக்க அவரை ஜென்டில்மேன் என்றுதான் சொல்வார்கள். யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். எண்ணெயும் கிரீஸும் வழிகிற தொழிலில் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். பாக்கெட்டில் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று தனக்கு. இன்னொன்று, பெண்கள் உட்காரப் போகிற இடத்தைத் தட்டிவிடுவதற்கு. நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தால் வாசலிலேயே நின்று இருமிவிட்டுத்தான் மெஷின் ரூமுக்குள் வருவார். பசங்களை "டேய்" என்பவர், டீ கொண்டுவருகிற சின்னப் பெண்ணைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். என் எதிரில் எவனாவது ஒரு கெட்ட வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். வந்தால் அதில் பாதியை என்மேல் திருப்பிவிடுங்கள்.

எங்கள் வேலைக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனை, கட்டடத்தின் உச்சியில் இருக்கிற மெஷின் ரூம். அங்கே மோட்டார் இருக்கும், பேனல் இருக்கும். பேனல் என்றால் ஒயரும் சுவிட்சும் சின்னச் சின்ன விளக்குகளுமாக ஒரு இரும்பு அலமாரி. அதன் முன்னால் நின்று எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு முனை, கூண்டின் மேல். நீங்கள் ஏறி நின்று பொத்தானை அழுத்துகிற கூண்டு இருக்கிறதே, அதன் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, இருட்டில், பக்கத்திலேயே கயிறுகள் ஓட, மேலும் கீழும் போய்ப் பார்க்க வேண்டும். கிரீஸ் தலையில் சொட்டும். தும்மினால் தூசியோடு தும்ம வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் ஒருவனுக்கு வேலை தெரியும் என்றால் அவன் கூண்டு மேல் நின்றவன் என்றுதான் அர்த்தம். மற்றவர்கள் எல்லாம் சும்மா.

சேர்ந்த அன்றைக்கு நானும் எல்லோரையும்போல சேஃப்டி பெல்ட்டை எடுத்துக் கட்டப் போனேன். ஜென்டில்மேன் ஓடி வந்தார். அழுகிற குழந்தையை வாங்குவதுபோல அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? பசங்க இருக்காங்க. நீங்க பேனலைப் பாத்துக்கோங்க."

எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலி வந்தது. இரண்டாவது கைக்குட்டை வெளியே வந்தது. அன்றிலிருந்து நான் மேடம் ஆனேன். எங்கள் டீம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், டூல் பெட்டிக்கு முன்னால் என் நாற்காலி போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் வாய் வெந்துபோகும். நன்றாகவே பிடித்திருந்தது. மற்ற இடங்களில் வேலை பார்க்கிற என் சிநேகிதிகள் சொல்கிற கதைகளைக் கேட்டால் அந்த இடங்களின் வாசல்படிகூட மிதிக்கத் தோன்றாது. எனக்கோ மின்விசிறிக்கு நேரே நாற்காலி, முதல் டீ. நெட்டை என்று எங்கள் டீமில் ஒரு பையன், எனக்கு ரொம்பப் பின்னால் வந்து சேர்ந்தவன், கூண்டு மேலிருந்து இறங்கும்போது கரி அள்ளியவன் மாதிரி இருப்பான். அவனைப் பார்த்து, "போய் மூஞ்சியக் கழுவுடா" என்று சிரிப்பேன். அவன் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜென்டில்மேன் ஓய்வு பெறப்போகிறார், அவர் இடத்துக்கு டீமிலிருந்தே ஒருவரை எடுப்பார்கள் என்று செய்தி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போட்டிக்கு நானும் நெட்டையும். தலைமை ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்து இரண்டு பேரையும் சோதித்துப் பார்ப்பார். முதலில் பேனல், அப்புறம் கூண்டு மேல்.

அந்த இடம் எனக்கு வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று, "டேய் நெட்டை, இன்னிக்கு நீ பேனல், நான் மேல" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதட்டலாகச் சொல்ல வரவில்லை. "நான் மேல போகட்டுமா" என்றுதான் வந்தது. அது பழகினால் வந்துவிடும் என்று நினைத்தேன்.

நெட்டையிடமே போனேன். போட்டியாளனிடம் போய்ப் பாடம் கேட்கிறாளே என்று நினைக்காதீர்கள், வேறு யாரிடம் கேட்பது? அவனுக்கும் என்னைப் பிடிக்கும். பேனலில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது.

"சொல்லித் தரேன் மேடம். ஆனா தலைவருக்குத் தெரிஞ்சா?"

"தெரியவே கூடாது. மனுஷன் மனசு ஒடைஞ்சு போயிடும். இத்தன வருஷம் என்னய அப்படி வெச்சிருந்தாரு. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினான்.

ஜென்டில்மேன் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கதவைச் சாவியால் திறந்ததும் உள்ளே காலை வைக்கக் கூடாது. முதலில் குனிந்து கையை நீட்டி ஸ்டாப் பட்டனை அழுத்த வேண்டும். கூண்டு செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஏற வேண்டும். ஏறியதும், கட்டடமே கேட்கிற மாதிரி, "மேல ஆள்!" என்று கத்த வேண்டும்.

முதல் நாள் கதவு விளிம்பைப் பிடித்த கையை விடவே எனக்குப் பயம். குரலும் எழும்பவில்லை.

"மேடம், இப்படி ரகசியம் பேசினா எவனுக்குக் கேக்கும்? பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சண்டை போடற மாதிரி கத்துங்க."

"நான் யார்கிட்டயும் சண்டை போட்டதில்லடா."

"அதான் தெரியுதே."

நாலைந்து தடவை ஏறியபின் பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் சந்தோஷம் வந்தது. கூண்டை நானே மெதுவாக மேலே ஓட்டிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு மாடியின் கதவும் என் கண்ணெதிரே வந்து இறங்கிப்போகிறது. அந்தப் பக்கம் ஜனங்கள் நடக்கிற சத்தம் கேட்கிறது, நான் இங்கே நிற்பது அவர்கள் ஒருவருக்கும் தெரியாது. "மேல ஆள்!" என்று ஒருநாள் நான் கத்தியதில் நெட்டையே ஒரு அடி பின்னால் நகர்ந்தான். சட்டைக் கையில் கிரீஸ் பட்டது. ஜென்டில்மேன் எழுவதற்குள் ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் மறுபடியும் துவைத்தேன். தப்புக் காரியம் செய்கிறவளைப்போல என் தொழிலை நான் கற்றுக்கொண்டேன்.

சோதனை நாளும் வந்தது. பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் ஒரு லிஃப்டை எங்களுக்காக நிறுத்திவைத்திருந்தார்கள். இன்ஜினியரும் மரியாதை தெரிந்த ஆள்தான், கண்ணாடி போட்டவர், யாரையும் குறுக்கே வெட்டிப் பேசாதவர். பேனலில் வேண்டுமென்றே ஒரு கோளாறு செய்து வைத்துவிட்டு எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். நெட்டை வியர்த்து விறுவிறுத்து ஒருவழியாகக் கண்டுபிடித்தான். நான், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் அந்த ஒயரைக் கையில் பிடித்துக் காட்டினேன்.

"பலே!" என்றார்.

ஜென்டில்மேனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற அப்பனுக்குக்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

அடுத்து கூண்டு மேல். மேல் மாடிக் கதவுக்கு முன்னால் எல்லோரும் வந்து நின்றோம். நான் பெல்ட்டைக் கட்டிக் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். ஹெல்மெட்டை மாட்டினேன். "யாரு முதல்ல?" என்று இன்ஜினியர் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் ஜென்டில்மேன் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு சின்ன வேண்டுகோள். மேடத்த மேல ஏத்த வேணாமே. ஒரே அழுக்கு, இருட்டு. லேடீஸ் பாருங்க. என் டீம்ல அவங்கள நான் ஒருநாளும் ஏத்தினதில்ல. போற நேரத்துல எனக்கு அந்தக் கெட்ட பேரு வேணாம்."

இன்ஜினியருக்கு முகம் சிவந்துவிட்டது. தான் முந்திக்கொள்ளவில்லையே என்ற வெட்கம்.

"சேச்சே, நான் மட்டும் என்ன அவ்வளவு மட்டமான ஆளா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். மேடம், நீங்க உக்காருங்க. பேனல்லயே உங்க திறமையப் பாத்துட்டேன்."

"உங்க பெருந்தன்ம சார்."

"இதுல என்னங்க பெருந்தன்ம, நீங்கதான் ஞாபகப்படுத்தினீங்க."

இரண்டு பேரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் பெருமையை விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். உண்மையில் விட்டுக்கொடுத்தது எனக்கு வரவேண்டிய இடத்தை என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

நெட்டை என்னையே பார்த்தான். சொல்லுங்க மேடம், சொல்லித் தொலையுங்க என்று அவன் கண் கெஞ்சியது. அவனாகச் சொல்ல முடியாது. சத்தியம் வாங்கியவள் நான்.

எனக்கு ஏறத் தெரியும் சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதைவிடப் பெரிய வாக்கியங்களை எல்லாம் பால்காரனிடமே பேசுகிறேன். வாக்கியம் தொண்டைவரைக்கும் வந்தும்விட்டது. அதற்குள் ஜென்டில்மேனின் முகத்தைப் பார்த்துவிட்டேன். கைநிறையப் பரிசு வாங்கி வந்து, பிரித்துப் பார் பிரித்துப் பார் என்று நிற்கிற ஆளின் முகம். இத்தனை பேர் முன்னால் அந்த முகத்தில் அடிப்பதா? பெண்ணாகப் பிறந்தவள் அப்படி வெடுக்கென்று பேசலாமா? அடக்கம், அடக்கம் என்று அம்மா ஊட்டி வளர்த்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் வாயைத் திறந்து, அதுவே பேசியது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். தேங்க்ஸ்ண்ணே."

நாற்காலி வந்தது. கைக்குட்டை வந்தது. உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டையும் சேர்த்து, கையை மடியில் வைத்து, அழகாக உட்கார்ந்தேன். பெல்ட்டைக்கூட அவிழ்க்கவில்லை. நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவேனோ என்று பயந்து கட்டிக்கொண்டவள்போல இருந்திருப்பேன். அந்த வழியாகப் போன ஆபீஸ்காரர் ஒருவர் ஹெல்மெட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். காது மடலெல்லாம் எரிந்தது.

உள்ளேயிருந்து நெட்டையின் குரல் கேட்டது. "மேல ஆள்!"

மத்தியானமே முடிவைச் சொல்லிவிட்டார்கள். நெட்டைதான். இன்ஜினியர் என்னிடம் தனியாக வந்து மிகவும் நயமாகச் சொன்னார். பேனலில் என்னை மிஞ்ச ஆள் இல்லையாம். ஆனால் தலைவர் என்றால் இரண்டு முனையும் தெரிந்திருக்க வேண்டுமாம். நான் வருத்தப்பட மாட்டேன் என்று அவருக்குத் தெரியுமாம். வருத்தமில்லை என்று தலையாட்டினேன். நெட்டை என் பக்கம் வரவே இல்லை. ஜென்டில்மேன் வந்தார்.

"அந்தப் பதவியெல்லாம் வெறும் தலவலி மேடம். உங்களக் கஷ்டப்படுத்தாம நல்லபடியா முடிச்சுட்டேன், எனக்கு அது போதும்."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போனா போகுது விடு. எத்தன பேருக்கு இப்படி ஒரு மனுஷன் கெடைப்பாரு? கௌரவமா உக்கார வெச்சு வேல வாங்கறாரு."

"உக்கார வெச்சே உக்கார வெச்சுட்டாரும்மா."

"என்னடி சொல்ற?"

"ஒண்ணுமில்ல."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இடம் போனது ஒரு பக்கம். அதைவிட, அந்த இரண்டு தேங்க்ஸ் என்னைப் பிடுங்கித் தின்றன. யாரும் என் கையை முறுக்கவில்லை. மிரட்டவில்லை. மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்து என்னுடையதை எடுத்தார்கள், எடுத்தவர்களுக்கு நான் நன்றி சொன்னேன். குளித்தால் போகிற அழுக்காக இருந்தால் குளித்திருப்பேன். கூண்டு மேல் நின்ற எந்த நாளிலும் நான் இவ்வளவு அழுக்காக உணர்ந்ததில்லை.

மறுநாள், தலைமை ஆபீஸுக்கு நேரே போய் இன்ஜினியரைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். லீவு கேட்டபோது ஜென்டில்மேன் காரணம் கேட்டார். "இன்ஜினியரைப் பாக்கணும்ணே" என்றேன். எதற்கு என்று கேட்க அவருடைய நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் தனியாக அனுப்பவும் இடம் கொடுக்கவில்லை.

"அவ்வளவு தூரம் தனியா எதுக்குப் போறீங்க? நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? "சரிண்ணே" என்றேன். இவரால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லப் போகிற இடத்துக்கு இவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். இதைவிட ஒரு மானக்கேடு உண்டா? தெருவில் நடக்கும்போது வண்டிகள் வருகிற பக்கம் அவர் நடந்துகொண்டு, என்னைப் பத்திரமாக ஓரமாக நடக்கவிட்டார். ஓரத்தில் சாக்கடை. வழி நெடுக நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

இன்ஜினியரின் அறை வாசலில், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணே" என்றேன். அது ஒன்றைத்தான் அன்றைக்கு நான் உருப்படியாகச் சொன்னேன். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் ஒதுங்கி நின்றார்.

இன்ஜினியர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நாற்காலி என்றாலே எனக்கு அலர்ஜி ஆகியிருந்தது. நான் நின்றதால் அவரும் எழுந்து நின்றுவிட்டார். பெண் நிற்கும்போது அவர் உட்கார மாட்டாராம். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூண்கள் மாதிரி நின்றோம்.

"சார், எனக்குக் கூண்டு மேல ஏறத் தெரியும். நெட்டையவிட மோசமா ஏற மாட்டேன். எனக்கு அந்த டெஸ்ட் வைக்கணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரியுமா? ஒருநாளும் ஏறினதில்லன்னு உங்க தலைவர் சொன்னாரே?"

"அவருக்குத் தெரியாம கத்துக்கிட்டேன் சார்."

"சரி... அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்?"

நான் மேஜைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தேன்.

"பெல்ட்டெல்லாம் கட்டிட்டுத்தானே நின்னீங்க? ஏறறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன கையப் பிடிச்சா தடுத்திருப்பேன்? நீங்க தேங்க்ஸ் சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"மரியாதைக்குச் சொன்னேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாங்களும் மரியாதைக்குத்தானே மேடம் செஞ்சோம்?"

குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் நிஜமாகவே கேட்டார். பதில் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவரைப்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே தொடர்ந்தார். நெட்டைக்கு உத்தரவு கொடுத்தாகிவிட்டது, அவனிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுப்பது நியாயமில்லை என்றார். நானும் அதைக் கேட்கவில்லை என்றேன். "அடுத்த எடம் எப்ப வந்தாலும் வாங்க. அப்ப நீங்களே வேணாம்னாலும் விட மாட்டேன், ஏத்திடுவேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

வெளியே வந்தேன். கதவு சரியாகச் சாத்தப்பட்டிருக்கவில்லை. ஒட்டுக்கேட்பது ஜென்டில்மேனுக்கு ஆகாத காரியம், அதனால் ஏழெட்டடி தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். ஆனாலும் எல்லாம் காதில் விழுந்திருந்தது. திரும்பிய முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"எனக்குத் தெரியாம கத்துக்கிட்டீங்களா?"

"ஆமாண்ணே. நெட்டைகிட்ட."

"எதுக்கு எனக்குத் தெரியாம?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு."

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பசங்களைத் திட்டுவது வேறு, அது அவருடைய வேலையில் ஒரு பகுதி. இது வேறு. கழுத்து நரம்பு புடைத்தது.

"என் மனசு கஷ்டப்பட்டா என்ன? செத்தா போயிடுவேன்? ரெண்டு நாளு தூக்கம் வராது, அப்புறம் வரும். உங்கிட்ட யாரு கேட்டா என் மனசப் பாத்துக்கன்னு? என்னய என்னன்னு நெனச்ச நீ? தொட்டா ஒடஞ்சிடுவேன்னா? இவனால இதத் தாங்க முடியாதுன்னு எனக்குப் பதிலா நீயே முடிவு பண்ணிட்டியா?"

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை. என்னை முதல்முறையாக "நீ" என்றதையும் அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திட்டுதான், ஆனால் அவர் என்னிடம் இதுவரை பேசிய எதுவும் அவ்வளவு நேராக என்னிடம் வந்து சேர்ந்ததில்லை.

"அண்ணே, இதே கேள்வியத்தான் நான் உங்களக் கேக்கணும்னு இருந்தேன். வந்த நாள்லேர்ந்து."

இன்னும் ஏதோ சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அந்தச் சுத்தமான கையை ஒரு கோளாறைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். கோபம் மெல்ல மெல்ல வடிந்து, அது இருந்த இடத்தில் வேறொன்று வந்தது. எனக்கு அது அடையாளம் தெரிந்தது. என் முகத்திலும் அதுதான் இருந்தது. அவருக்கு வியர்த்துக்கொட்டியது. பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுக்கத் தோன்றாமல் சட்டைக் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருக்கலாம்ணே."

நடந்து லிஃப்டுக்கு வந்தோம். பொத்தானை அழுத்திவிட்டு, கதவில் தெரிகிற எங்கள் முகங்களைப் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. நீங்க போங்க என்று அவர் கை தானாக நீண்டது. பாதியில் அதை உணர்ந்து, சுட்டுக்கொண்டதுபோல இழுத்துக்கொண்டார். அவர் முதலில் போகட்டும் என்று நான் நின்றேன். நான் போவேன் என்று அவர் நின்றார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவருக்கும் ஒரு அடி எடுத்துவைக்கத் துணிவில்லாமல் நின்றுகொண்டே இருந்தோம்.

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் காலியாகவே கீழே போய்விட்டது. மறுபடியும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. நான்தான் அழுத்தினேன்.